கடல் கடந்த கல்வியும் நம் விண்ணப்பங்களும்
(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, சங்கப் பொறுப்பாளர்களே, தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் இன்றைய நாட்கூலியை விட்டுவிட்டு வந்து அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, அன்பிற்குரிய மாணவ மாணவியரே!

அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சேர விண்ணப்பிப்பது பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் நம்மைப் பணித்தார்கள். நாம் கடல் கடந்து கற்றோம் அல்லோம். பி.ஏ., பி.எட். முடித்து, இவ்வட்டாரத்து அரசுப் பள்ளிகளிலேயே ஏறத்தாழ முப்பதாண்டுகளைச் செலவிட்டோம். எனினும் விண்ணப்பங்களைத் திருத்துவதும், சான்றிதழ்களைச் சரிபார்ப்பதும், வட்டாட்சியர் அலுவலகத்திற்கு வழி சொல்லியனுப்புவதும் தலைமையாசிரியரின் அன்றாட வேலை. அந்த உரிமையில் சில சொல்ல முன்வந்தோம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் பதனிட்ட தோல் கடல் கடந்து பல தலைமுறைகள் ஆயிற்று. ஆனால் தோல் போன இடத்திற்குத் தோலைப் பதனிட்டவரின் மக்கள் போனதில்லை என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது முழு உண்மையன்று. போனார்கள். 1860 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறைமுகத்தை அடைந்த ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்தே புறப்பட்டது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக முதன்முதலில் சென்றவர்கள் அக்கப்பலில் இருந்தோரே. 1911 வரை ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அவ்வாறு நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் நமது பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தார் பலர்.

அந்தக் கப்பல்களின் பதிவேடுகள் இன்றும் காக்கப்பட்டு வருகின்றன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், சிற்றூர், உயரம், உடலில் உள்ள தழும்பு ஆகியவற்றை எழுதிக்கொண்டார்கள். ‘நீ யாது செய்ய விரும்புகிறாய்?’ என்னும் கேள்விக்கு அப்பதிவேட்டில் இடமில்லை. இன்று நீங்கள் நிரப்பப்போகும் பல்கலைக்கழக விண்ணப்பத்திலும் பெயர், பிறந்த நாள், முகவரி எல்லாம் உண்டு. அவற்றோடு, எதைக் கற்க விரும்புகிறீர், ஏன் கற்க விரும்புகிறீர் என்று இரண்டு பக்கம் எழுதவும் சொல்கிறார்கள். அதனை நோக்க உரை என்று நாம் அழைக்கலாம். நம் முன்னோர் கடல் கடந்த தாளுக்கும் நீங்கள் கடல் கடக்கப்போகும் தாளுக்கும் உள்ள வேறுபாடு அந்த இரண்டு பக்கங்களே. நம் பிள்ளைகள் மிகவும் அலட்சியமாக எழுதுவதும் அவற்றைத்தான்!

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், அரசுக் கல்லூரியில் வேதியியல் முடித்து, முதுகலையும் முடித்து, இங்கிலாந்தில் சுற்றுச்சூழல் அறிவியல் கற்க விண்ணப்பம் தயாரித்துக்கொண்டு வந்தார். தந்தை தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டிப் பிரிவில் வேலை செய்பவர். கணினிக் கடையில் யாரோ எழுதி வைத்திருந்த உரையை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார். சிறு வயது முதலே வேதியியலின்பால் தமக்குத் தணியாத வேட்கை உண்டென்று அதில் கண்டிருந்தது. அவரை உட்கார வைத்து, “உங்கள் வீட்டில் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டோம். அவ்வளவுதான். ஒரு மணி நேரம் பேசினார். பாட்டி காலத்தில் இறைத்துக் குடித்த கிணறு எந்த ஆண்டில் உப்பாயிற்று, எந்தத் தெருக் கிணற்று நீர் எந்த நிறம், தண்ணீர் கேனுக்கு மாதம் எவ்வளவு செலவு, தந்தையின் விரலிடுக்குகளில் ஆறாத புண் எத்தனை காலமாக இருக்கிறது, முழுவதும் சொன்னார். அத்தனையும் அவருக்குத் தெரிந்திருந்தது. அது கல்வி என்பதுதான் தெரியவில்லை.

பின்னர் அவர் நூலகத்தில் அமர்ந்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 ஆம் நாள் வழங்கிய தீர்ப்பைப் படித்தார். மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செலுத்த வேண்டும் என்னும் நெறியை இந்த நாட்டின் சட்டமாக நிலைநாட்டிய தீர்ப்பு அது. தோல் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டது என்ற ஆய்வு அதில் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. (அன்று நமது மாவட்டத்திற்கு வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் என்பதையும், தீர்ப்பில் அப்பெயரே காணப்படுகிறது என்பதையும் இளைஞர்கள் அறிந்துகொள்ளுங்கள். மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயர் வைப்பதைப் பின்னர் அரசு கைவிட்டது.) 2015 ஆம் ஆண்டு சனவரி இறுதியில் இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டி உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பதின்மர் மாண்ட செய்தியையும் குறித்துக்கொண்டார். குரோமியம் கலந்த கழிவு நீரைத் தூய்மை செய்யும் முறைகளைத் தாம் ஏன் கற்க வேண்டும் என்பதைத் தம் சொந்தச் சொற்களில், நான்கு முறை அடித்துத் திருத்தி எழுதினார். அதைப் படித்த பேராசிரியர் ஒருவர் மேலும் இரண்டு கேள்விகள் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். இடம் கிடைத்தது. ஆயினும் அவர் அந்த ஆண்டில் செல்லவில்லை. காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

வறுமையை எழுதலாகாது என்று நாம் கூறவில்லை. வறுமையை மட்டும் எழுதலாகாது. இரக்கம் கேட்கும் கடிதத்திற்கு இரக்கம்தான் கிடைக்கும், இடம் கிடைக்காது.

நிற்க. நம்மவரில் கடல் கடந்து கற்றோரை நினைக்கையில் முதலில் நினைவிற்கு வருபவர் அண்ணல் அம்பேத்கர். அவரது வெற்றியை நாம் ஆண்டுதோறும் ஏப்ரல் 14 இல் பேசுகிறோம். அவர் பட்ட பணத் தொல்லையை அவ்வளவாகப் பேசுவதில்லை. இன்றைய பொருளுக்கு அதுவே வேண்டுவது. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அவருக்கு மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை வழங்கினார். கற்று முடித்தபின் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்றுவதாக 1913 சூனில் அவர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். அவ்வாண்டே நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் சேர்ந்தார். 1915 இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 இல் இலண்டன் பொருளியல் பள்ளியிலும் கிரேஸ் இன்னிலும் பதிவு செய்துகொண்டார். உதவித்தொகையின் காலம் முடிந்தது, படிப்பு முடியவில்லை. 1917 இல் திரும்பி வரவேண்டியதாயிற்று. தனிக் கப்பலில் அனுப்பிய அவருடைய நூல்களும் போரில் அக்கப்பல் மூழ்கடிக்கப்பட்டபோது கடலில் போயின. பரோடாவில் வேலை இருந்தது. தங்குவதற்கு ஒரு கூரை கிடைக்கவில்லை. சாதி அவ்வாறு செய்தது.

அவர் அதோடு நிற்கவில்லை. மீண்டும் வந்து முடிப்பதற்கான இசைவை இலண்டனிலிருந்து புறப்படும்போதே பெற்றிருந்தார். பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியராக வேலை பார்த்துச் சேமித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார். கொலம்பியாவில் உடன் தங்கிப் பழகிய பார்சி நண்பர் நவல் பத்தேனா கடன் கொடுத்தார். 1920 இல் மீண்டும் இலண்டன் சென்று, 1923 இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். கொலம்பியாவில் அவருக்குக் கற்பித்த பேராசிரியர் செலிக்மன் இலண்டனில் இருந்த பேராசிரியருக்கு அறிமுகக் கடிதம் எழுதினார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆக, அவ்வளவு பெரிய அறிவாளிக்கும் ஒரு மன்னரின் பணம் போதவில்லை. இன்னொருவர் உதவி, ஒரு நண்பரின் கடன், ஓர் ஆசிரியரின் கடிதம், ஒரு நிறுவனத்தின் கால நீட்டிப்பு, இத்தனையும் வேண்டியிருந்தன. தனியொருவராக எவரும் கடல் கடந்து கற்பதில்லை. பணக்காரர் பிள்ளைக்கு இவை அனைத்தும் வீட்டிலேயே இருப்பதால் தனியாகச் செல்வதுபோலத் தோன்றுகிறது.

கேரளத்தின் உழவூரில் எளிய குடிசையில் பிறந்து, நாள்தோறும் பல மைல் நடந்து படித்த கே.ஆர். நாராயணன் அவர்கள் 1945 இல் இலண்டன் பொருளியல் பள்ளிக்குச் செல்ல டாட்டாவின் உதவி கிடைத்தது. அவர் 1997 இல் குடியரசுத் தலைவரானார்.

மன்னர்களையும் செல்வர்களையும் தேடிப்போன காலம் ஓரளவு மாறியுள்ளது. நடுவண் அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டம் 1954-55 முதல் நடைமுறையில் உள்ளது. ஆண்டொன்றுக்கு 125 இடங்கள். அவற்றுள் 115 பட்டியல் சாதியினருக்கு. இந்தியா முழுவதற்கும் 115 என்பதை மறவாதீர்கள். முதுகலை, முனைவர் பட்டம் ஆகியவற்றிற்கே இது உதவும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 8 இலட்சத்திற்கு மேற்படலாகாது. வயது 35க்கு உட்பட வேண்டும். தகுதித் தேர்வில் நூற்றுக்கு 60 மதிப்பெண் வேண்டும். சேரும் பல்கலைக்கழகம் கியூ.எஸ். என்னும் உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் இருக்க வேண்டும்.

இந்தத் தரவரிசை விதியால் நமது வட்டாரத்திற்கு ஒரு விந்தையான இடையூறு உண்டு. இங்கிலாந்தில் தோல் தொழில்நுட்பக் கல்விக்கு நெடுங்காலமாகப் பெயர்பெற்ற ஊர் நார்த்தாம்டன். அவ்வூர்ப் பல்கலைக்கழகம் முதல் 500க்குள் வருவதில்லை. எனவே தோலைப் பற்றியே அங்கு சென்று கற்க விரும்பும் தோல் தொழிலாளியின் மகனுக்கு அத்திட்டம் உதவாது. 2022 இல் வந்த இன்னொரு விதிப்படி, இந்தியாவின் பண்பாடு, மரபு, வரலாறு, சமூகம் ஆகியவற்றைப் பற்றி அயல்நாட்டில் ஆய்வு செய்வோர்க்கும் உதவித்தொகை இல்லை. 1916 இல் அண்ணல் கொலம்பியாவில் படித்தளித்த கட்டுரை இந்தியாவின் சாதிகளைப் பற்றியது! நாம் அரசு ஊழியர். இதற்குமேல் சொல்வது முறையன்று. கேட்போர் எண்ணிப் பார்க்கலாம்.

மதம் மாறிய குடும்பத்தார் நம்மிடையே பலர். கிறித்துவராகப் பதிவான ஆதிதிராவிடர், பட்டியல் சாதியினருக்கான நடுவண் அரசுத் திட்டத்தின் கீழ் வரார். ஆனால் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருடன் கிறித்துவ ஆதிதிராவிடரும் விண்ணப்பிக்கலாம். ஆண்டிற்கு 36 இலட்சம் ரூபாய் வரை அத்திட்டத்தில் வழங்கப்பட்டு வந்துள்ளது. விதிகள் அடிக்கடி திருத்தப்படுவதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்த பின்னரே எதையும் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டார் சொன்னதை வைத்து அன்று. இவையன்றி இங்கிலாந்து அரசின் செவனிங், ஐரோப்பிய நாடுகளின் எராசுமஸ் முண்டஸ், அமெரிக்காவின் ஃபுல்பிரைட்-நேரு ஆகிய உதவித்தொகைகளும் உள்ளன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முனைவர் பட்டத்திற்குச் சேர்வோர்க்குக் கட்டணம் நீக்கப்பட்டு, மாதச் சம்பளமும் தரப்படுகிறது. இது நம் இளைஞர் பலருக்குத் தெரிவதே இல்லை. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. அதைக் கேட்டுவிட்டுச் செலவே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு ஏறத்தாழ 12,000 யூரோவை முன்கூட்டியே வங்கியில் கட்டிக் காட்டினால்தான் மாணவர் விசா கிடைக்கும்.

இனிச் சான்றிதழ்களுக்கு வருவோம். இதில் சற்று நீட்டிப் பேசப்போகிறோம், பொறுத்தருள வேண்டும். நம் பிள்ளைகளுள் அறிவுக் குறைவால் பின்தங்கியவரைவிடப் பெயர்க் குழப்பத்தால் பின்தங்கியவரே மிகுதி. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்து முன்னே. கல்லூரிச் சான்றிதழில் அது பின்னே. ஆதார் அட்டையில் தந்தையின் பெயர் வேறு எழுத்துக்கூட்டலில். சாதிச் சான்றிதழில் ஒரு பெயர், திருச்சபைப் பதிவில் இன்னொரு பெயர். உள்ளூரில் இதனால் ஒன்றும் நேர்வதில்லை. கடவுச்சீட்டிலோ தலைப்பெழுத்தை முழுப்பெயராக விரித்தெழுத வேண்டும். விரித்த பெயரும் பட்டச் சான்றிதழின் பெயரும் ஒருவருடையதே என்று மெய்ப்பிக்க ஆறு மாதம் அலைவதைக் கண்டிருக்கிறோம். ஆகவே பெற்றோர்களே, பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே பள்ளிப் பதிவேட்டின் பெயரை வந்து பாருங்கள். பத்தாம் வகுப்புப் பட்டியல் அச்சாவதற்கு முன் திருத்துவது எளிது. கல்லூரியில் காலடி வைத்ததும் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்து விடுங்கள். கட்டணம் 1,500 ரூபாய். எங்கும் போகாவிட்டாலும் அது இருக்கட்டும்.

சான்றிதழுக்கு அடுத்தது காலக்கணக்கு. செப்டம்பரில் வகுப்பு தொடங்க வேண்டுமாயின், முந்தைய ஆண்டின் சூன், சூலையிலேயே வேலை தொடங்க வேண்டும். ஆங்கிலத் தகுதித் தேர்வுக்கு ஏறத்தாழ 18,000 ரூபாய் ஆகிறது. அதனை இரண்டு முறை எழுத வேண்டிவந்தால் ஒரு தொழிலாளியின் மூன்று மாதச் சம்பளம் போய்விடும். ஆதலின் ஆறு மாதமாவது பயின்று, ஒரே முறையில் எழுதித் தேறுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பரிலும் சனவரியிலும் வரும். விண்ணப்பக் கட்டணம் செலுத்த இயலாதென்று துறைக்கு எழுதிக் கேட்டால் சில இடங்களில் தள்ளுபடி செய்வார்கள். கேட்பதற்கு நாணலாகாது.

பரிந்துரைக் கடிதம் பற்றி ஒரு சொல். உங்கள் கல்லூரிப் பேராசிரியர் இரண்டு அல்லது மூன்று பேர் எழுத வேண்டும். ‘நல்லொழுக்கம் உடையவர், கடின உழைப்பாளி’ என்று நன்னடத்தைச் சான்றிதழ்போல எழுதித் தந்தால் அதனால் பயனில்லை. இந்த மாணவர் எந்தச் சோதனையைச் செய்தார், எந்தக் கேள்வி கேட்டார், எங்கே மற்றவரினும் மேம்பட்டார் என்பது அதில் இருக்க வேண்டும். அவ்வாறு எழுத ஆசிரியருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும். முதல் இரண்டாண்டு கடைசி வரிசையில் வாய்திறவாமல் இருந்துவிட்டு மூன்றாமாண்டில் கடிதம் கேட்டால் அவர்தாம் என்ன எழுதுவார்? நம் பிள்ளைகள் ஏன் கடைசி வரிசையில் அமர்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியாததன்று. இருந்தும் சொல்கிறோம்: முன்னே வந்து அமருங்கள். கேள்வி கேளுங்கள்.

முகவர்கள் பற்றி எச்சரிக்க வேண்டும். இலவசம் என்று அழைத்து, தமக்குத் தரகு தரும் கல்லூரியையே உலகத்தில் சிறந்தது என்பார்கள். ஒரு குடும்பம் இருந்த மனையை அடகு வைத்து மகனை அனுப்பிற்று. பெயர் தெரியாத அக்கல்லூரியின் பட்டத்திற்கு அங்கே வேலையில்லை. வட்டி மட்டும் இங்கே ஏறிக்கொண்டிருக்கிறது. கடன் வாங்கிச் செல்லவே கூடாது என்பது நம் கருத்தன்று. மனையை விற்றும் மகளின் நகையை விற்றும் செல்லாதீர்கள். உதவித்தொகை இவ்வாண்டு கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பியுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தாய்மார்களிடம் ஒன்று கூறுவோம். ஆம்பூர்ப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளில் தையற்பொறி முன் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் நம் பெண்களே. அதிகாலையில் ஐந்து மணிக்கு எழுந்து, பேருந்தேறி, இரவு திரும்பும் மகளைப் பற்றி அஞ்சாத நாம், பல்கலைக்கழக விடுதியில் தங்கப்போகும் மகளைப் பற்றி மட்டும் ஏன் அஞ்சுகிறோம்? நடுவண் அரசுத் திட்டத்தில் நூற்றுக்கு முப்பது இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. விண்ணப்பம் போனால்தானே இடம் வரும்!

இப்போது அந்த வேதியியல் மாணவருக்கு வருவோம். பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. உதவித்தொகைக்கும் தேர்வானார். அதன்பின் ஒப்பந்தப் பத்திரம் வந்தது. முத்திரைத்தாளில் அவர் கையெழுத்திட வேண்டும். அவருக்காகப் பொருள் வசதியுள்ள இருவர் பிணை நிற்க வேண்டும். மாணவர் நிபந்தனையை மீறினால் பணத்தைத் திருப்பிக் கட்டும் பொறுப்பு பிணை நின்றவருடையது. தந்தைக்குச் சொத்தில்லை. உறவினர் எவருக்கும் இல்லை. தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவர் முதலில் இசைந்து, பிறகு வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்று விலகிவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. நாட்கள் போயின, சேர்க்கைத் தேதியும் போயிற்று. அவர் எழுதிக் கேட்டதன்பேரில் பல்கலைக்கழகம் சேர்க்கையை ஓராண்டு தள்ளி வைத்தது. அந்த ஓராண்டும் தோல் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். அடுத்த ஆண்டு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் வங்கி ஊழியர் ஒருவரும் பிணை நின்றனர், சென்றார். படிப்பை முடித்துவிட்டார். பிணை நின்றவர்களிடம் இதுவரை ஒருவரும் ஒரு காசும் கேட்கவில்லை.

அரசு பணம் தரும் என்று அறிவித்தாலும் ஐயம் தீர்வதில்லை. 2025 இல் நடுவண் அரசுத் திட்டத்திற்கு முதலில் தேர்வான 106 பேருள் 40 பேருக்கே முதலில் ஆணை வழங்கப்பட்டது. எஞ்சியோர்க்கு நிதி இருந்தால் வழங்கப்படும் என்று தெரிவிக்கப்பட்டது. அந்த 66 வீடுகளில் அன்று என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதை இங்குள்ளோர்க்கு விளக்க வேண்டியதில்லை.

நமது சங்கத்தின் தொடக்க காலத்தில் நோட்டுப் புத்தகம் வாங்கித் தருவதே பெரும்பணியாக இருந்தது. இன்று நம்மிடையே ஆசிரியர்கள், மின்வாரிய ஊழியர்கள், இரயில்வே ஊழியர்கள், செவிலியர்கள், ஓய்வூதியம் பெறுவோர் இருக்கிறார்கள். அவர்களிடம் இன்று நன்கொடை கேட்கவில்லை. கையெழுத்துக் கேட்கிறோம். பிணை நிற்க இசைவோர் பத்துப் பேரின் பட்டியல் சங்க அலுவலகத்தில் இருக்குமாயின், எந்த மாணவரும் அதன்பொருட்டு ஓராண்டை இழக்க வேண்டியதில்லை. விசா கிடைக்கும் வரையில் கைச்செலவுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் வட்டியில்லாக் கடனாகக் கொடுத்து வாங்க ஒரு சிறு நிதியும் வேண்டும்; அதன் விதிகளைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். நோக்க உரைகளைப் படித்துத் திருத்துவதற்கு ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை சங்க நூலகத்தில் இருப்போம். எழுதியதைக் கொண்டு வாருங்கள்; கடையில் வாங்கியதைக் கொண்டு வர வேண்டாம்.

பிணைப் பட்டியலுக்கான பதிவேட்டைச் செயலாளர் அவர்கள் வாயிலருகே மேசைமீது வைத்திருக்கிறார்கள். அதில் நமது பெயரை முதலில் எழுதிவிட்டுத்தான் இம்மேடைக்கு வந்தோம். இன்னும் ஒன்பது வரிகள் உள்ளன.